மாமா பொறுக்கி எடுத்த வெடி

என் மாமனாருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு நர்ஸம்மாவுக்குத் தெரியும், பால் ஊற்றுகிறவருக்குத் தெரியும், அவர் வேலை பார்த்த பஸ் டிப்போவின் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். அவரைப் பொறுத்தவரை, ஊரில் எல்லாரும் கொஞ்ச காலமாக வாய்க்குள்ளேயே பேசப் பழகிவிட்டார்கள். டி.வி. கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான். முக்கியமாக, வெடி செய்கிறவர்கள் மருந்தைக் குறைத்துவிட்டார்கள்.

வேலைக்குப் போன காலமெல்லாம் பஸ் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் அவர். பகல் முழுக்க எஞ்சின் உறுமல். வீட்டுக்கு வந்தால், சாக்குக் கிடைத்தபோதெல்லாம் கொல்லைப்புறத்தில் வெடி. காது எங்கிருந்து மிஞ்சும்?

நல்ல சேதி என்றால் கொல்லையில் வெடித்தாக வேண்டும். அது அந்த வீட்டுக்கு அவர் போட்ட சட்டம். மகள் பரீட்சையில் தேறினால் வெடி, தம்பி வீடு வாங்கினால் வெடி, என் மாமியாருக்கு, அதாவது அத்தைக்கு, வேலை நிரந்தரமானதற்குச் சரவெடி. தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே இருக்கிற சிமெண்டுத் தரை கருத்துப்போய்க் கிடக்கும். ராக்கெட் விடுவதற்கென்றே ஓர் இரும்புக் குழாயை மண்ணில் நட்டு வைத்திருந்தார். ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய வெடி, வீட்டுக்குப் புதுக் குழந்தை வந்தால்தான். குழந்தையை யாராவது சமையலறை வாசலில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இவர் பற்றவைத்துவிட்டு வெடியைப் பார்க்க மாட்டார். திரும்பிக் குழந்தையின் முகத்தைத்தான் பார்ப்பார். "வெளிச்சம் அங்கதான் நல்லாத் தெரியும் மாப்பிள்ளை" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு மாப்பிள்ளையாக வந்து வாய்த்தவன் நான். நகராட்சி அலுவலகத்தில் சத்தம், புகைப் பிரிவில் வேலை. ஒலி அளக்கும் மீட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய், மரம் அறுக்கிற பட்டறைக்கும் ஒலிபெருக்கிக்காரனுக்கும் நோட்டீஸ் கொடுக்கிறவன். கல்யாணப் பேச்சின்போது நான் இதைச் சொன்னதும் அவர் முகம் விழுந்த விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"ஊர்ல உங்களுக்கு வேற வேலையே கிடைக்கலையா?" என்று கேட்டார்.

பிறகு புதுச் சட்டம் வந்தது. வந்ததற்குக் காரணமும் இருந்தது. மெத்தைக் கடைக் கூரையில் யாரோ விட்ட ராக்கெட் விழுந்து கடையே சாம்பலாகிவிட்டது. ஆகவே குடியிருப்புத் தெருக்களில் பறக்கிற வெடி கூடாது, வெடிக்கிற வெடி கூடாது. புஸ்வாணம், தரைச்சக்கரம், மத்தாப்பு போதும். அதுவும் முன்கூட்டி அனுமதி வாங்கி, சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். சத்தம் இன்ன அளவைத் தாண்டக் கூடாது. அந்த அளவைப் பார்க்கும் பொறுப்பு எங்கள் பிரிவின் தலையில் விழுந்தது.

மாமா இதை நான் எழுதிய சட்டம் போலவே எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "ஏன் மாப்பிள்ளை, தும்மினா அதுக்கும் அனுமதி வாங்கணுமா?" என்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை குறுக்கே வந்து, "உங்க தும்மலுக்குக் கண்டிப்பா வாங்கணும்" என்பாள். அவள் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரிப்பார். அவர் அப்படிச் சிரிக்கும்போது எனக்குச் சோறு இறங்காது.

இந்த நேரத்தில்தான் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு நாங்களும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டோம்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தைக்குச் சட்டை மாற்றுவது, குளிப்பாட்டத் தண்ணீர் பதம் பார்ப்பது, தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடவைப்பது எல்லாம் அவரே. எஞ்சின் பிரித்துப் பூட்டிய கை. குழந்தையைத் தூக்கினால் அத்தனை பதமாக இருக்கும். என் மனைவியின் விடுப்பு முடியப்போகிறது. அவள் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலை பார்க்கிறாள். அத்தைக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை; ஓய்வுக்கு இன்னும் காலம் இருக்கிறது. வீட்டில் இருக்கிறவர் மாமா ஒருவர்தான். வருகிற திங்கட்கிழமையிலிருந்து பகலில் குழந்தை அவர் பொறுப்பு என்று பிறப்பதற்கு முன்பே பேசி முடிவாகியிருந்தது. அந்தத் திங்கட்கிழமையைத்தான் அவர் ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரு முழுக்க ஒரே பெருமை வேறு. "எங்க குட்டி அழவே அழாது. அப்படி ஒரு தங்கம். பிறந்ததுலேருந்து ஒரு சிணுங்கல் கிடையாது" என்று டீக்கடையில் சொல்வார், சலூனில் சொல்வார், நர்ஸம்மாவிடம் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு சொல்வார். நர்ஸம்மா இரவுப் பணி முடித்து வந்து பகலில் தூங்குகிறவள். குழந்தையின் அழுகையில் பாதி அவள் படுக்கையறைக்குத்தான் போகும். ஆனாலும் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஆமாண்ணே, கொடுத்து வச்சவங்க" என்பாள்.

உண்மையில் எங்கள் குழந்தை அழுதால் ஓட்டின்மேல் இருக்கிற காக்கை பறந்துவிடும். அப்படி ஒரு கீச்சுக் குரல். மாமாவுக்கு அடித்தொண்டைச் சத்தம் ஓரளவு எட்டும். லாரி, கதவு, போனில் வருகிற என் அதிகாரியின் குரல் எல்லாம் கேட்கும். கீச்சென்று மேலே போகிற சத்தம் சுத்தமாக எட்டாது. அழைப்பு மணி எட்டாது, குக்கர் விசில் எட்டாது, பேத்தியின் அழுகையும் எட்டவில்லை.

ஒரு மத்தியானம் என் மனைவி குளித்துவிட்டு வந்தபோது குழந்தை தொட்டிலில் அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. பக்கத்திலேயே, கை நீட்டினால் தொட்டிலைத் தொடுகிற தூரத்தில், மாமா முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்து, "மெதுவா வா, தூங்குறா" என்றார்.

அன்று சாயங்காலம் அவள் அழுதாள். "ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறேன். பெத்த அப்பாகிட்ட உங்களுக்குக் காது கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியல."

"சொல்லித்தானே ஆகணும்?"

"சொன்னா குழந்தையை அவர்கிட்டேருந்து பிடுங்குற மாதிரி இருக்கும். சொல்லாம விட்டா குழந்தை கதி? நீங்களே சொல்லுங்க."

இதை நாங்கள் அடுத்த அறையில் ரகசியமாகப் பேசினோம். அந்த வீட்டில் ரகசியம் பேச அடுத்த அறைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் போனோம். முன்பு ஒருமுறை அவள் காது டாக்டரைப் பற்றி லேசாகப் பேச்செடுத்தபோது, அவர் அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுக்கவில்லை. டிப்போவில் கூட வேலை பார்த்த டிரைவர் காது மிஷின் மாட்டிக்கொண்டதற்கு, "என்னடா, வயர் போட்டு ஓட்ட ஆரம்பிச்சிட்டியா?" என்று ஊரைக் கூட்டிச் சிரித்த ஆள் அவர். அந்தச் சிரிப்பு தன் பக்கம் திரும்பும் என்று பயம் இருக்காதா?

திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேத்திக்கு வெடி என்று அவர் நாள் குறித்தார்.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த முறை சட்டத்தின்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வேலைக்கு ஒரு குந்தகமும் வரக் கூடாது மாப்பிள்ளை. முறைப்படி அனுமதி வாங்குங்க. சட்டம்னா சட்டம். அதோட பச்சைக் குழந்தை, சத்தம் ஆகாது. நானே நேர்ல போய், சத்தமே இல்லாததாப் பார்த்துப் பொறுக்கிட்டு வர்றேன்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் பேரிலேயே அனுமதி வாங்கினேன்.

அவர் பொறுக்கின விதம் பின்னால்தான் தெரியவந்தது. ஊர்க் கோடியில் இருக்கிற வெடிக் கடையில் வகைக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்து டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலுக்குப் போயிருக்கிறார். ஒவ்வொன்றாகக் கொளுத்தி, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். 'டம்' என்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டார். பாவம், புஸ்வாணத்தில் ஒன்று கொஞ்சம் உறுமியது என்று அதையும் ஒதுக்கிவிட்டார். கடைசியில், சத்தமே இல்லாமல் வெறும் வெள்ளி வெளிச்சமாகச் சொரிந்த ஒரு பெட்டியைக் கண்டுபிடித்து மகிழ்ந்துபோய் அதில் பெரியதாக ஒன்று வாங்கி வந்துவிட்டார். பெட்டிமேல் பூப் படம் போட்டிருந்தது. நானும் பூவைப் பார்த்து நம்பினேன்.

ஞாயிறு சாயங்காலம் வெயில் இறங்கின பிறகு கொல்லையில் கூடினோம். மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். தொட்டி ஓரம் ஒரு வாளியில் ஈர மணல், இன்னொன்றில் தண்ணீர். துணிக்கொடியிலிருந்து துணியை எல்லாம் எடுத்துவிட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மா முகம் கழுவிக்கொண்டு நின்றாள். மாமா கையைத் தட்டி, "நர்ஸம்மா, இன்னிக்கு உங்க காதுக்கு நான் ஜவாப்தாரி. ஊசி விழுந்தா கேக்கும், பாருங்க" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, அந்த மீட்டரைக் கொண்டு வாங்க. எல்லாரும் அறியட்டும்" என்றார்.

நான் கொண்டுவந்து வைத்தேன். என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். அத்தை பக்கத்தில்.

முதலில் ஒரு புஸ்வாணம். அழகாகப் பூத்து அடங்கியது. குழந்தை கண்ணை விரித்துப் பார்த்தது. அடுத்து ஒரு தரைச்சக்கரம். மீட்டர் எண் அசங்காமல் நின்றது. எனக்கே கர்வமாக இருந்தது. மூன்றாவதாக மாமா அந்தப் பூப் பெட்டியைத் தரை நடுவில் வைத்து, திரியை நகத்தால் நீவி, நீளக் கம்பி நுனியில் நெருப்பை எடுத்துப் பற்றவைத்தார்.

வெள்ளி வெளிச்சம் எழும்பியது. அதோடு ஒரு விசில். விசில் என்று சொன்னால் போதாது. ஓடுகிற ரயிலைச் சட்டென்று பிரேக் போட்டு நிறுத்தினால் வருமே, அந்தக் கிறீச்சு. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. பெட்டிக்குள் வரிசையாகக் குழாய்கள். ஒவ்வொன்றும் முந்தினதை விட உச்சத்தில் கத்தியது. அத்தை காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தெரு நாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஊளையிட்டன. மதிலுக்கு அப்பால் நர்ஸம்மா ஏதோ கத்தினாள். வாய் அசைந்தது தெரிந்தது. மீட்டரில் எண் சட்டம் சொன்ன இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

அத்தனை கிறீச்சுக்கும் நடுவில் என் மாமனார் நின்றுகொண்டிருந்தார். வாயெல்லாம் பல். இரண்டு கையையும் விரித்து, "பார்த்தீங்களா! சத்தமே இல்லை! வெறும் பூ!" என்றார்.

சொல்லிவிட்டு, வழக்கம்போல, குழந்தையின் முகத்தைப் பார்க்கத் திரும்பினார்.

குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது. முகம் ரத்தமாகச் சிவந்து, வாய் அண்ணம் தெரியத் திறந்து, கால் கை எல்லாம் உதறி, மூச்சுப் பிடித்துப் பிடித்து அழுதது. வெள்ளி வெளிச்சத்தில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அவர் பார்த்தார். ஒரு அடி முன்னால் வந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். எஞ்சினில் கோளாறு எங்கே என்று கேட்கிற மெக்கானிக் அப்படித்தான் சாய்ப்பார். பிறகு காதைப் பொத்தியிருக்கிற மனைவியைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், என் மீட்டரைப் பார்த்தார். கடைசிக் குழாயும் கத்தி முடித்து அணைந்தது. குழந்தை மட்டும் நிறுத்தவில்லை.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லப் போனதை என்னால் பார்க்க முடியவில்லை. குனிந்து மீட்டரை அணைத்தேன்.

தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். "பாப்பா" என்று மகளைக் கூப்பிட்டார். "இவ இதுக்கு முன்னாடி அழுதிருக்காளா?"

அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டு நின்றாள். அத்தைதான் அவர் எதிரில் போய் நின்று, முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"தினம் அழுவுறா. மணிக்கு ஒரு தடவை அழுவுறா. எல்லாக் குழந்தையும் மாதிரிதான்."

"நான் தெருவெல்லாம் சொன்னேனே."

"சொன்னீங்க."

"எல்லாரும் ஆமான்னு சொல்லிச் சிரிச்சாங்களே."

நர்ஸம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்ட வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாமா எழுந்தார். மிச்சம் இருந்த மத்தாப்புகளை ஒன்றுவிடாமல் எடுத்துத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்தார்.

"மாப்பிள்ளை, நாளைக்கு இவளை என்கிட்ட விட்டுட்டுப் போகாதீங்க" என்றார். "நான் கேட்டாலும் கொடுக்காதீங்க."

அவ்வளவு நாளாக நாங்கள் சொல்லத் தெரியாமல் தவித்ததை அவரே சொல்லிவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. இந்தப் பேச்சை அவர் வாயால் வரவழைத்ததற்கு அந்த வெடிக் கம்பெனிக்காரனையும், சட்டத்தையும், என் மீட்டரையும் சேர்த்து மனசுக்குள் திட்டினேன்.

மறுநாள் நான் செய்த முதல் அலுவலக வேலை, சத்த அளவை மீறியதற்காக மாமாவுக்கு நோட்டீஸ் தயாரித்தது. புகார் ஒன்றுக்கு நாலாக வந்திருந்தது, தப்ப வழியில்லை. என் அதிகாரி அதில் கையெழுத்துப் போடும்போது தோள் குலுங்கச் சிரித்தார். நானே கொண்டுபோய் நீட்டினேன். மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"நியாயமான நோட்டீஸ்" என்றார். "பேரெல்லாம் சரியாப் போட்டிருக்கீங்க."

பிறகு அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "அந்த டிரைவர் மாட்டியிருக்கானே, அந்த மிஷின். அது எங்க கிடைக்கும்?" என்றார்.

நர்ஸம்மா அவரைத் தன் ஆஸ்பத்திரியில் இருக்கிற காதுப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்களாம். பாதிக்கு மேல் அவர் பொத்தானை அழுத்தவே இல்லை என்று அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள். வெளியே வந்தவர் அந்த டிரைவர் நண்பருக்குப் போன் போட்டு, "நானும் வயர் போட்டாச்சுடா, சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சுக்கோ" என்றாராம். அந்த ஆள் சிரிக்கவில்லையாம்.

என் மனைவி விடுப்பை நீட்டித்தாள். மிஷின் பொருந்துவதற்குக் கொஞ்ச நாள் ஆனது. முதலில் எதைக் கேட்டாலும் திடுக்கிட்டார். பேப்பரைப் புரட்டினால் திடுக்கிட்டார், குழாயைத் திறந்தால் திடுக்கிட்டார். ஒரு காலை அத்தை சமையலறையில் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தார்.

"ஏய், இத்தனை நாளும் என்னைத் திட்டிக்கிட்டா இருந்த?"

"பின்ன? கொஞ்சிக்கிட்டா இருந்தேன்?"

அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். சாப்பாட்டு மேஜையில் இப்போது காரணம் தெரிந்து சிரித்தார். வேண்டுமென்றே சிரிக்க ஒரு நொடி தாமதித்து, "கேட்டுட்டுத்தான் சிரிக்கிறேன்" என்று எனக்குக் கண் காட்டுவார். குழந்தையைத் தூக்க மட்டும் தயங்கினார். யாராவது கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். தானாகப் போய் எடுக்க மாட்டார். குழந்தை அழுதால், மிஷின் மாட்டியிருந்தும், எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். வற்புறுத்த வேண்டாம் என்று அத்தை எங்களைத் தடுத்துவிட்டாள்.

என் மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டிய காலை வந்தது. அத்தை அன்று ஒரு நாள் விடுப்புப் போட்டுக்கொண்டு, "நான் பார்த்துக்கறேன், நாளைக்கதை நாளைக்கு" என்றாள். நாங்கள் இருவரும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றோம். மாமா தொட்டிலுக்குப் பக்கத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். அப்போது குழந்தை விழித்துக்கொண்டு, எடுத்த எடுப்பில் உச்சக் குரலில் அழ ஆரம்பித்தது.

என் மனைவி பையை இறக்கி வைக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

மாமா பேப்பரைக் கீழே வைத்தார். எழுந்து கொல்லைக்குப் போகவில்லை. தொட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். குழந்தை கத்தியது. அவர் அசையவில்லை.

சமையலறையிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள். "அழுவுறாளே, காதுல விழல? தூக்குங்களேன்!"

அவர் ஒரு கையை உயர்த்தி அவளை அடக்கினார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்கவும் இல்லை.

"இருடி" என்றார். "ஒரு நிமிஷம் கேட்டுக்கறேன்."

பிறகு குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். அழுகை விக்கலாகி, விக்கல் அடங்கியது. எங்களைத் திரும்பிப் பார்த்து, இன்னும் போகலையா என்பது போலக் கையை ஆட்டினார். நாங்கள் வேலைக்குக் கிளம்பினோம்.